சோழவரம் போகிற வழியில் தீர்த்தமலை

சின்னப்பராஜ் ஓட்டிய பஸ்ஸை ஒரு தடவை மாட்டுவண்டி முந்திப் போனது என்று கடத்தூரில் இன்றைக்கும் சொல்வார்கள். அது சுத்தப் பொய். முந்தவெல்லாம் இல்லை. கொஞ்ச தூரம் பக்கத்திலேயே வந்தது, அவ்வளவுதான். அந்த பஸ் ஏற்கெனவே மூன்று முதலாளிகளிடம் வாழ்ந்து கழித்துவிட்டு வந்தது. நாலாவது முதலாளி டீசலை மிச்சம் பிடிக்க ஆக்ஸிலேட்டருக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்துவிட்டார். எவ்வளவு அழுத்தினாலும் கால் அந்தக் கட்டையில் போய் நிற்கும். தருமபுரிக்கும் கடத்தூருக்கும் நடுவில் கட்டையை மிதித்தே வயசைக் கழித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு வேகத்தின் மேல் பைத்தியம் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

பிடித்த பைத்தியத்துக்குச் சோழவரம் என்று பெயர். மெட்ராஸைத் தாண்டி, செங்குன்றத்துக்கும் அந்தப் பக்கம், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் இறக்குவதற்குப் போட்ட தளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் வருஷத்துக்கு ஒரு தடவை, சனி ஞாயிறில், காரையும் மோட்டார் சைக்கிளையும் ஓடவிட்டுப் பந்தயம் நடத்தினார்கள். ஜனம் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கும். பேப்பரில் வந்த ஒரு ரேஸ் கார் படத்தைக் கத்தரித்து, பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் சின்னப்பராஜ் ஒட்டி வைத்திருந்தான். காலையில் பூ வைக்கும்போது இரண்டுக்கும் சேர்த்தே வைப்பான். அந்தோணியார் ஆட்சேபம் ஒன்றும் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பைத்தியத்தில் அவனுக்குக் கூட்டாளி முனியப்பன். சந்தைக்கு எதிரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான், ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளும் வைத்திருந்தான். இரண்டு பேரும் இரண்டு வருஷமாகச் சோழவரத்துக்குத் திட்டம் போட்டார்கள். அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர், வாணியம்பாடி, வேலூர் என்று வழியில் எந்த ஊரில் டீ குடிப்பது, எந்த ஊரில் குடிக்கக் கூடாது என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது. செங்குன்றத்தில் அரிசி மில்லில் வேலை பார்க்கும் முனியப்பனின் மச்சான் வீட்டில் தங்கல். கண்ணில் தூசி அடிக்காமல் இருக்க சின்னப்பராஜ் தருமபுரியில் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கினான். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டிப் பார்த்தான். அந்த வேகத்துக்கு ஈகூட கண்ணில் விழாது என்று கண்டக்டர் பச்சியப்பன் சொன்னான். பச்சியப்பனுக்கு ரேஸும் பிடிக்காது, ரேஸ் பேச்சும் பிடிக்காது. ஆனாலும் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி தினமும் அவனிடம்தான் சின்னப்பராஜ் ரேஸைப் பற்றிப் பேசுவான், இஞ்சின் சத்தத்தை மீறிப் பேச வேண்டுமே.

இப்படி இருக்கும்போதுதான் அவன் அம்மா ராயம்மாள் பெண் பார்த்தாள். பெண் அடுத்த ஊர்தான், பூசைக்கு வருவதும் அதே பங்குக் கோயிலுக்குத்தான். அப்பா பெரியநாயகம் வரப்புத் தகராறில் ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்காத ஆள். பெண் பேர் புஷ்பமேரி. கடத்தூரில் தையல் கிளாஸுக்கு வந்து போகிறவள். பெண் பார்க்கப் போன இடத்தில், காப்பி டம்ளரை வாங்கும்போது ஏதாவது பேச வேண்டுமே என்று, நான் பஸ்ஸை அறுபது மைல் வேகத்தில் ஓட்டுவேன் என்று சின்னப்பராஜ் சொல்லிவைத்தான். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நான் உங்க பஸ்ஸுலதாங்க தெனமும் வர்றேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது சின்னப்பராஜுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

தேதி குறிக்கப் பங்குக் கோயில் சாமியாரிடம் போனார்கள். விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம், அப்புறம் உயிர்த்த ஞாயிறு கழியும் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் இரண்டு திங்கட்கிழமைதான் காலி என்று சாமியார் சொன்னார். ஒன்று முந்தின வாரம், இன்னொன்று விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்னால். எது என்று கேட்டதும் சின்னப்பராஜ் யோசிக்காமல் பின்னாலிருப்பதே இருக்கட்டும் என்றான். புதுச் சட்டை தைத்து வர நாள் வேண்டுமல்லவா என்பது அவன் கணக்கு. மனிதன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதற்கு இவ்வளவு சின்னக் காரணம் போதும்.

மறு வாரம் பேப்பரில் ரேஸ் தேதி வந்தது. கல்யாணத்துக்கு முந்தின சனியும் ஞாயிறும்.

அன்றைக்கு பஸ் பூரா அவன் புலம்பல்தான். பச்சியப்பன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். சனிக்கிழமை போய்விட்டுத் திங்கட்கிழமை விடிவதற்குள் வந்துவிடலாமே என்று முனியப்பன் யோசனை சொன்னான். ராயம்மாளிடம் இந்தப் பேச்சு எடுபடுமா? கோயிலில் ஓலை விழுந்த மாப்பிள்ளையும் பெண்ணும் தாலி ஏறும் வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பாரே, அதுதான் ஓலை. அப்படியானால் நான் தினமும் தருமபுரிக்கு பஸ் ஓட்டுகிறேனே, அது எல்லை தாண்டுவது இல்லையா என்று சின்னப்பராஜ் கேட்டான். அது சம்பளத்துக்குப் போவது, அதில் சேராது என்றாள். அதோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் வேறு செய்ய வேண்டும், செய்யாதவனுக்குச் சாமியார் தாலியைத் தொட்டுக்கூடத் தர மாட்டார்.

"அந்த ஒரு ஞாயித்துக்கெழமை மட்டும் எப்படியாச்சும் கெடைச்சாப் போதும்டா" என்று முனியப்பனின் கடையில் உட்கார்ந்து ஒருநாள் சின்னப்பராஜ் அழாத குறையாகச் சொன்னான். முனியப்பன் கொஞ்ச நேரம் ஸ்பானரால் முதுகைச் சொறிந்தான். பிறகு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கம்மென்று இரு என்றான். எப்படி என்று சின்னப்பராஜ் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று தடுக்க வேண்டியிருக்குமே என்ற பயம். இந்த மாதிரி பயம்தான் மனிதனைக் கவிழ்க்கும்.

இரண்டாவது ஓலை வாசிக்கிற ஞாயிறு. பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. சின்னப்பராஜ் ஆண்கள் பக்கம் புதுக்கிராப்பு வெட்டி உட்கார்ந்திருந்தான். கடைசி வரிசையில் முனியப்பன், அதுவும் நெற்றியில் திருநீறோடு, வந்து உட்கார்ந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்த மற்றவர்கள் கூட்டாளியின் ஓலையைக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தார்கள். சாமியார் ஓலையை வாசித்து முடித்து, வழக்கம்போல, இந்த விவாகத்துக்கு யாராகிலும் தடை அறிந்திருந்தால் அறிவிக்கக் கடவார்கள் என்றார். அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் பதில் சொன்னதில்லை. பதில் எதிர்பார்த்து யாரும் கேட்டதுமில்லை. சாமியார் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"இருக்குதுங்க சாமி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கோயிலே திரும்பியது. முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாக நின்றுகொண்டிருந்தான்.

"மாப்பிள்ளைக்குத் தீர்த்தமலையில ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குதுங்க. அதை முடிக்காமத் தாலி கட்டினா நல்லாயிருக்காதுங்களே. வர்ற ஞாயித்துக்கெழமை அதை முடிச்சுட்டு, அடுத்த வாரம் கல்யாணத்தை வெச்சுக்கலாங்க."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் ஆட்கள் பக்கத்தில் கல்யாணத்தைத் தள்ளிவைக்க இதைவிட மரியாதையான காரணம் கிடையாது. வேண்டுதல் பாக்கி என்று ஒருவன் சொல்லிவிட்டால் சம்பந்தி வீட்டார்கூட வாயைத் திறக்க மாட்டார்கள், முகூர்த்தத்தை மாற்றிவிட்டு முதலில் அதை முடிப்பா என்பார்கள். யாருக்கும் தலைக்குனிவு இல்லாத சின்னப் பொய்யாகத் தேடித்தான் அவன் கொண்டுவந்திருந்தான். கிறிஸ்தவ வேதக்காரன் ஒருவன் தீர்த்தமலை ஈஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டான் என்று பூசை நடுவில் சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரம் தபசு காலம் என்பது அதைவிடத் தெரியாது. விபூதிப் புதன் என்ற பெயரைக் கேட்டு அது தங்கள் பண்டிகை என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

பூசை முடிந்ததும் சாமியார் அறையில் விசாரணை. ஒரு பக்கம் பெரியநாயகம், முகம் கறுத்து நின்றார். கல்யாணம் தபசுக்கு அப்புறம் போனால் நான் காத்திருக்க முடியாது, சேலத்திலிருந்தும் பெண் கேட்டு வந்தார்கள், அவர்களுக்கே சொல்லிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சாமியார் சின்னப்பராஜைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "வேண்டிக்கிட்டது உண்மையா?"

சின்னப்பராஜ் அவசரமாகக் கணக்குப் போட்டான். இல்லை என்றால், பிறகு உன் கூட்டாளி ஏன் சொன்னான் என்று வரும். ரேஸ் வெளியே வரும். ரேஸ் பார்க்கிறதற்காகக் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த பயலுக்கு என் மகளா என்று பெரியநாயகம் கதவைச் சாத்திவிடுவார். அந்த நிமிஷத்தில் சோழவரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தினமும் உங்கள் பஸ்ஸில்தான் வருகிறேன் என்று சொன்ன அந்தப் பெண் இல்லாமல் போய்விடுவாளோ என்பது ஒன்றுதான் மனசில் நின்றது.

"ஆமாங்க சாமி" என்றான்.

சாமியார் நெற்றியைத் தடவினார். அப்படிப்பட்ட வேண்டுதல் யாரையும் கட்டாது, யாரும் எங்கும் போக வேண்டியதில்லை, ஞாயிறு சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள், கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். பெரியநாயகத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ரேஸ் போனால் போகிறது, பெண் கையைவிட்டுப் போகவில்லை என்று சின்னப்பராஜுக்கு மூச்சு வந்தது.

ஆனால் சாமியார் தீர்ப்பு அறைக்குள்ளே மட்டும்தான் செல்லும். வெளியே புளியமரத்தடியில் வேறு கோர்ட்டு கூடியிருந்தது. ராயம்மாளும், புஷ்பமேரியின் அம்மா ராஜமேரியும்.

"சாமி படிச்சவரு, அவரு சொல்லுவாரு" என்றாள் ராஜமேரி. "எந்தச் சாமிக்கு வேண்டினா என்ன, வேண்டுனது வேண்டுனதுதான். நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாமியாரா வந்து பாப்பாரு?"

ராயம்மாள் அதை முழுசாக ஒத்துக்கொண்டாள். ஞாயிறு காலை முதல் பூசை பார்த்துவிட்டு, அரூரில் ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, இரண்டு குடும்பமும் தீர்த்தமலைக்குப் போவது என்று முடிவானது. பலன் பெண்ணுக்கும் சேர வேண்டும் என்பதால் அவளும் வர வேண்டும். ஓலை விழுந்தவர்கள் எல்லை தாண்டக் கூடாது என்ற சட்டம் என்னவாயிற்று என்று சின்னப்பராஜ் கேட்டான். கோயிலுக்குப் போவது அதில் சேராது என்றாள் ராயம்மாள். பெற்ற தாயை அன்றைக்குத்தான் அவன் மனதுக்குள் முதல்முதலாகத் திட்டினான்.

புதன்கிழமை இன்னொரு சேதி வந்தது. வேண்டுதலில் மொட்டையும் உண்டாமே, அதையும் முடித்துவிட வேண்டும் என்று ராஜமேரி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். சின்னப்பராஜ் பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு முனியப்பன் கடைக்கு ஓடினான். டீக்கடையில் உட்கார்ந்து உளறியது நீதானே என்று சட்டையைப் பிடித்தான். முனியப்பன் தன் பெயருள்ள சாமிமேலேயே சத்தியம் செய்தான், நான் மொட்டை என்ற வார்த்தையே வாயில் எடுக்கவில்லை என்று. சின்னப்பராஜ் நம்பவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மொட்டை. திங்கட்கிழமை தாலி கட்டும் மாப்பிள்ளை பலாக்கொட்டை மாதிரி நிற்பான். உள்ளதைச் சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை, சொன்னால் பெண் போய்விடுவாள். ரேஸ், கிராப்பு, பெண் மூன்றில் கடைசியையாவது காப்பாற்றிக்கொள் என்று மனசு சொன்னது.

சனிக்கிழமை காலையில் ஜாவா கிளம்பியது. தீர்மானித்த வழி, தீர்மானித்த டீக்கடை, எல்லாம் அப்படியே இருக்க, பின்சீட்டில் மட்டும் பச்சியப்பன் உட்கார்ந்திருந்தான். ரேஸைக் கண்டாலே ஆகாது என்ற அதே பச்சியப்பன். சீட்டு காலியாகப் போகிறதே என்று வந்தேன் என்றான். கண்ணில் தூசி விழுமே என்று அவனே ஞாபகப்படுத்தி, சின்னப்பராஜின் கூலிங்கிளாஸையும் வாங்கி மாட்டிக்கொண்டான். வண்டி அரூர் ரோட்டில் திரும்பி மறையும் வரைக்கும் சின்னப்பராஜ் பார்த்தான். வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலை அடிவாரத்தில் நாவிதர் அவனை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரை அப்பினார். வேண்டுதல் என்னவோ என்று விசாரித்தார். சின்னப்பராஜ் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான். பெரியநாயகம் எதிரில் நின்று ஒவ்வொரு கற்றையும் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பமேரி சற்றுத் தள்ளித் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள், முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று அவன் நினைத்தான். அந்த நினைப்பில் அவனுக்கும் கண் கலங்கியது.

மலை ஏறினார்கள். வெயிலில் மொட்டை சுட்டது. குரங்குகள்கூட அவனைத்தான் பார்த்தன. மேலே பாறை உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் நூலாக விழுந்துகொண்டிருந்தது. அதில் நனைந்துவிட்டு வந்து ஓரத்தில் பல் கிட்டிக்க நின்றான். பெரியவர்கள் மற்ற தீர்த்தங்களையும் விடாமல் முடித்துவிடுவது என்று கிளம்பிப் போனார்கள். வந்த இடத்தில் எதையும் மிச்சம் வைக்கிற ஜாதி இல்லை அது. ஈரத்துணிகளைப் பார்த்துக்கொள்ளப் புஷ்பமேரி மட்டும் இருந்தாள். அவள் ஒரு துணியைப் பிழிந்து பாறையில் விரித்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"இப்ப எத்தனாவது சுத்து ஓடிக்கிட்டு இருப்பாங்க?"

சின்னப்பராஜுக்குக் குளிர் சட்டென்று நின்றுவிட்டது. என்ன சுத்து என்று கேட்டுப் பார்த்தான். அந்த நடிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

"ரெண்டு வருசமா உங்க சீட்டுக்குப் பின்னாலதாங்க உக்காந்து வர்றேன்" என்றாள் அவள். "வழியில எந்த ஊருல டீ குடிக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியும். உங்க கூட்டாளி கோயில்ல எந்திரிச்சு நின்னதுமே எதுக்குன்னு தெரிஞ்சு போச்சு."

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டான்.

"எங்க சும்மா இருந்தேன்? மொட்டையும் உண்டுன்னு எங்கம்மாகிட்டச் சொன்னதே நான்தானுங்களே."

சின்னப்பராஜ் பாறையில் உட்கார்ந்துவிட்டான். பாவம் முனியப்பன், செய்யாத குற்றத்துக்கு அவன் சட்டைப் பித்தான் இரண்டு போயிருந்தது. அடிவாரத்தில் குலுங்கிய தோளும் இப்போது விளங்கியது. கோபம் வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். வரவில்லை.

அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை.

"பேப்பர்ல தேதி வந்தன்னிக்கு மொத ஓலைகூட விழுகலீங்க. முந்தின திங்கக்கெழமை காலியாத்தானே இருந்துச்சு. பஸ்ஸுல இருக்கற அத்தனை பேருகிட்டயும் சொன்னீங்க. பின்னால திரும்பி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கப்பாகிட்ட அழுதாவது அந்தத் தேதிக்கு மாத்தியிருப்பேன். கல்யாணத்தை முடிச்சுட்டு இந்நேரம் ரெண்டு பேரும் அங்க நின்னிருக்கலாம்."

அவன் அந்த வழியை யோசித்ததே இல்லை. இரண்டு வருஷம் போட்ட திட்டத்தில் ஸ்பார்க் பிளக் இருந்தது, புளிச்சோறு இருந்தது, அவள் இல்லை. வெட்கத்தில் அவன் மொட்டை காது வரைக்கும் சிவந்திருக்கும். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் தன் பக்கத்தில் அவள் நிற்கிற மாதிரி ஒரு கணம் தெரிந்தது. கைவிட்டுப் போன ரேஸைவிட அதுதான் அதிகம் வலித்தது. தப்புதான் என்று சொன்னான். அவள் காய்ந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள், தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்தில் ஒன்று விடாமல் கொட்டினான். பொய்ச் சாட்சி, பொய்யான வேண்டுதல், அதை நிறைவேற்றப் போனது, அம்மாவைத் திட்டியது, பச்சியப்பன்மேல் பட்ட பொறாமை. மறைப்பு வலைக்கு அந்தப் பக்கமிருந்து, சாமியார் இருமுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் தாலி மந்திரிக்கும்போது அந்த மொட்டையின்மேல் தீர்த்தத்தை வழக்கத்தைவிட ஒரு கை கூடவே தெளித்தார்.

முனியப்பனும் பச்சியப்பனும் விருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், தலையிலிருந்து கால் வரை செம்மண். ஞாயிறு முழுக்கக் கத்தியதில் முனியப்பனுக்குக் குரலே போய்விட்டிருந்தது. ரேஸ் எப்படி என்று கேட்டால் வாயைத் திறந்து திறந்து மூடினான். சொல்ல வாய் இருந்தது பச்சியப்பனுக்குத்தான். அவன் கூலிங்கிளாஸைக் கழற்றாமலே, இன்ன கார் இப்படித் திரும்பியது, இன்ன வண்டி இப்படிச் சறுக்கியது என்று ரேஸிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி அளந்தான். சின்னப்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். புஷ்பமேரி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்டாள்.

போட்டோ பிடிக்கிறவர் வந்தார். மாப்பிள்ளை தலைக்கு ஒரு உருமால் கட்டிவிடலாமா என்றார். ராயம்மாள் ஓடிப் போய்ப் பட்டுத் துண்டு கொண்டுவந்தாள். புஷ்பமேரி வேண்டாம் என்றுவிட்டாள், அப்படியே இருக்கட்டும், பிற்காலத்தில் பார்க்க வேண்டும் என்றாள். போட்டோப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரத்தில் சின்னப்பராஜ் வாயை அசைக்காமல் மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த வருசம் மாசி மாசம் ரேஸ் வரும். போலாமா?"

"போலாங்க" என்றாள் அவள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "அதுக்குள்ள முடி வளந்துரும். மறுபடியும் எங்கிட்ட மறைக்கறதா இருந்தா மட்டும் சொல்லுங்க, தீர்த்தமலைக்கு இன்னொரு வேண்டுதல் பாக்கி இருக்குதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லி வெக்கறேன்."